டிவி கேம் புகைந்த கோடை

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டிவி கேம் கேசட்டைக் கையில் எடுத்ததும், சொருகுவதற்கு முன்னால் அதன் வாயில் ஒருமுறை ஊதுவோம். படம் வராவிட்டால் பிடுங்கி மறுபடி ஊதுவோம். அப்படி ஊதுவதால் ஒரு பிரயோசனமும் இல்லை, எச்சில் ஈரம் பட்டு உள்ளே இருக்கும் தகடு கறுத்துப்போகும் என்பது எனக்கு ரிப்பேர் தொழிலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இருந்தாலும் ஊதும்போது மூக்கில் ஏறும் அந்தப் பிளாஸ்டிக் வாசனையை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

உங்களுக்கு அதை நினைத்தால் சிரிப்பு வரும். எனக்கு வராது. எனக்கு அந்த வாசனையோடு ஒயர் தீய்ந்த நாற்றமும் சேர்ந்தே வரும். பன்னிரண்டு வயதில் ஒரு கோடையில் எனக்கு நடந்ததற்கு நான் முப்பது வருடம் பழிவாங்கியிருக்கிறேன். மனசு ஆறிவிட்டது என்று சொல்ல இதை எழுத உட்காரவில்லை. ஆறவில்லை.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். ஒரே வாசலில் இரண்டு வீடு. ஒன்று பெரியப்பாவுடையது, இன்னொன்று எங்களுடையது. போர் மோட்டார் பெரியப்பா நிலத்தில் இருந்தது. கலர் டிவியும் அவர் வீட்டில்தான் இருந்தது. எங்கள் தக்காளிக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும், ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வேண்டுமென்றாலும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பெங்களூரில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். நான் ஏழாவதில் முதல் ரேங்க் வாங்கினேன் என்று கேள்விப்பட்டு, முழுப் பரீட்சை லீவில் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டிக்குள் வெள்ளையும் சிவப்புமாக ஒரு டிவி கேம். இரண்டு ஜாய்ஸ்டிக், ஆரஞ்சு நிறத்தில் ஒரு துப்பாக்கி, மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட்.

"எங்க மொதலாளி வூட்ல பழசு ஒண்ணு கெடக்குது பாப்பா. அதுல வெள்ளப் புள்ளி ஒண்ணு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போவும், ரெண்டு கோடு அதத் தட்டும், அவ்வளவுதான். இதுல மனுசன் ஓடுறான், குதிக்கிறான், வாத்து பறக்குது. சுட்டா வுழுவுது!" என்றார் மாமா. சொல்லும்போது அவரே பன்னிரண்டு வயதுப் பையன்போல இருந்தார்.

டிவி இல்லாத வீட்டுக்கு டிவி கேம். ஆகவே பெட்டி நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனது.

பெரியப்பா அதை ஒரு பார்வை பார்த்தார். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடா இதெல்லாம்? பசங்க ஆடட்டும். டிவி சூடாவும், ஒரு மணி நேரந்தான்" என்றார்.

"அவ படிச்சதுக்கு நான் வாங்கியாந்ததுங்க" என்றார் மாமா. பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பெரியப்பா மகனை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட இரண்டு வயது பெரியவன். மாமா ஊருக்குப் போன மறுநாளே முதல் ஜாய்ஸ்டிக் அவனுடையது ஆகிவிட்டது. இரண்டாவது அவன் கூட்டாளிகளுக்கு. எனக்கு என்ன வேலை தெரியுமா? டிவியின் முகப்பில் ஒரு குட்டிக் கதவு இருக்கும். அதைத் திறந்து, உள்ளே இருக்கும் திருகுகளை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால், புள்ளி புள்ளியாகக் கொட்டும் திரையிலிருந்து படம் மெல்ல எழுந்து வரும். அது என் ஒருத்திக்குத்தான் கைவந்தது. ட்யூன் பண்ணிக் கொடுக்க வேண்டும், கேசட்டை ஊதிக் கொடுக்க வேண்டும், தண்ணீர் மொண்டு வந்து கொடுக்க வேண்டும். பிறகு சுவரோரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

நான் விடியற்காலையில் ஆடினேன். பெரியப்பா நிலத்துக்குப் போயிருப்பார், அண்ணன் தூங்கிக்கொண்டிருப்பான். பெரியம்மா பால் கறந்துவிட்டு வந்து பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொள்வேன். டிவியை அணைத்ததும் அதன் கண்ணாடிக்குப் பக்கத்தில் முன்கையைக் கொண்டுபோனால் மயிர் எல்லாம் எழுந்து நிற்கும், சின்னதாகப் படபடவென்று சத்தம் வரும். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்தக் கேசட்டில் ஒரு சண்டை ஆட்டம் இருந்தது. தெருவில் இரண்டு பேர் குத்திக்கொள்வார்கள். தோற்றவன் பின்வாங்கிப் பின்வாங்கிக் கடைசியில் சாக்கடைக் குழிக்குள் விழுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளில் ஒருவன் வரவில்லை. ஆள் குறைந்ததால் என்னை உட்காரச் சொன்னார்கள்.

அண்ணனை ஏழு தடவை குழியில் தள்ளினேன். எட்டாவது தடவை அவன் ஜாய்ஸ்டிக்கைத் தரையில் போட்டுவிட்டு எழுந்துவிட்டான்.

"டேய், தங்கச்சி உன்னக் குழியில தள்ளிட்டாடா!" என்று கூட்டாளிகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனுக்குப் பெயரே 'குழி' ஆகிவிட்டது. மாரியம்மன் கோயிலுக்குப் போனாலும் "டேய் குழி" என்றார்கள். அவன் என்னோடு பேசுவதை நிறுத்தினான்.

அப்புறம் பத்து நாள் இருக்கும். டிவி கேமுக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டர் சூடாகிச் சூடாகி ஒருநாள் செத்துப்போனது. மாமா வந்தால் வேறு கொண்டுவருவார், அதுவரை தொடக் கூடாது என்று நான் சொன்னேன். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் தக்காளி பறிப்பு. அப்பாவும் அம்மாவும் காட்டில் இருந்தார்கள். பறிக்கிற ஆட்களுக்கு மோர் எடுத்துப்போக நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். பெரியப்பா வீட்டிலிருந்து டப்பென்று ஒரு சத்தம். ஓடினேன். அண்ணன் அடாப்டரை அறுத்து எறிந்துவிட்டு, ஒயரின் நுனியைப் பல்லால் கடித்து உரித்து, நேராகச் சுவரில் இருக்கும் பிளக் ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கியிருந்தான். டிவி கேமின் மேல்மூடி உருகி உள்வாங்கியிருந்தது. ஆன்டெனா ஒயர் வழியாக டிவியும் போயிருந்தது, பின்பக்கம் புகை. அவன் தீக்குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். நான் பார்த்ததை அவன் பார்த்தான்.

அடுத்த நிமிடம் வாசலுக்கு ஓடிக் கத்தினான். "அப்பா! பாப்பா டிவிய எரிச்சிட்டா!"

எல்லாம் மிக வேகமாக நடந்தது. பெரியப்பா மோட்டார் கொட்டகையிலிருந்து வந்தார். ஆள் அனுப்பி அப்பாவை வரவழைத்தார். தக்காளிச் செடியின் கறை பிடித்து அப்பாவின் உள்ளங்கை இரண்டும் கரும்பச்சையாக இருந்தன. "நீ பண்ணியா?" என்றுகூட அவர் கேட்கவில்லை. ஜாய்ஸ்டிக் ஒன்றைப் பிடுங்கி, அதன் ஒயரை இரண்டாக மடித்து, என் காலில், முதுகில், தடுத்த கையில் அடித்தார். அம்மா நடுவில் வந்து விழுந்தார். அவருக்கும் இரண்டு விழுந்தது.

"நான் இல்லப்பா, அண்ணன்தான், தீக்குச்சி இருக்குது பாருங்கப்பா" என்று கத்தினேன். யாரும் பார்க்கவில்லை.

பெரியப்பா டிவி கேமைத் தூக்கி எருக்குழியில் எறிந்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார். "இந்தச் சனியன எவன் கொண்டாந்து என் வூட்ல வெச்சானோ, அவன் இனிமே இந்த வாசல மிதிக்கக் கூடாது."

அப்பா, "சரிங்கண்ணா" என்றார்.

அந்த 'சரிங்கண்ணா'வின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு மாமா வந்தார். அப்பா படலைத் திறக்காமல் நின்றுகொண்டு, "அண்ணன் வேணாம்னுட்டாரு மச்சான். அப்பறமா பாக்கலாம்" என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். மாமா என்னைத் தேடினார். நான் வீட்டுக்குள் இருந்தேன், கூப்பிடப் பயம்.

தை மாதம் நான் பெரியவளானேன். நம் பக்கத்தில் அதற்கு யார் முதலில் வர வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாய்மாமன் தென்னங்கீற்று வெட்டிக் குடிசை கட்ட வேண்டும், தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். எனக்குப் பெரியம்மாவின் தம்பி குடிசை கட்டினார். அந்த மனிதருக்கு என் பெயர்கூடச் சரியாகத் தெரியாது.

மாமா வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, தட்டு, பழம், பச்சைப் புடவை எல்லாம் கையில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றார். கீற்று இடுக்கு வழியாக எனக்கு அவர் முகம் தெரிந்தது. அப்பா போய் என்னவோ பேசினார். மாமா தட்டுகளை மைல்கல் பக்கத்தில் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். "என்ன வேணாம்னவங்க வந்து கூப்புட்டாத்தான் இந்த வூட்டுக்குள்ள வருவன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, எதிரில் வந்த ஓசூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அப்புறம் அவர் அந்த வாசலுக்கு வரவேயில்லை. தம்பியைப் பார்க்க வேண்டும் என்றால் அம்மாதான் வருடத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போவார்.

அன்று குடிசைக்குள் உட்கார்ந்து நான் ஒரு முடிவு எடுத்தேன். அழவில்லை. அண்ணனை வாழ விடக் கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தேன். வேறு எதையும் படிக்க எனக்கு ஆசை இருந்ததில்லை. எனக்கு இருபத்தோரு வயது இருக்கும்போது அண்ணன் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் டிவி கேம் கடை திறந்தான். அதற்குள் கேசட் காலம் முடிந்து சிடி காலம் வந்திருந்தது. சாம்பல் நிறப் பெட்டி, வட்ட மூடியைத் திறந்து சிடியை வைக்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர மெமரி கார்டு என்று தீப்பெட்டி அளவுக்கு ஒன்று. நாலு டிவி, நாலு பெட்டி. பள்ளிக்கூடம் விட்டால் பையன்கள் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். அண்ணனுக்குப் பெண் பார்த்துப் பேசியும் முடித்திருந்தார்கள்.

நான் மாமாவுக்கு போன் செய்தேன். "மாமா, அண்ணன் கடைக்கு எதிர்ல ஒரு ரூம் காலியா கெடக்குது."

"எதுக்கு பாப்பா?"

"டிவி கேம் கடை வெக்கணும். அவங்கிட்ட இருக்கறதவிடப் புதுசு வேணும்."

"பெங்களூர்ல டிவிடி பெட்டி வந்திருச்சி. எத்தன வேணும்?" என்றார். பெட்டிகளோடு அவரே வந்து கடையில் என்னோடு உட்கார்ந்துகொண்டார்.

கறுப்பு நிறம், செங்குத்தாக நிற்கும். அதில் திரையில் ஓடும் ஆளின் முகத்தில் வியர்வைகூடத் தெரியும். அண்ணனின் பெட்டியில் மனிதர்கள் அட்டையை வெட்டி ஒட்டியதுபோல இருப்பார்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? அவனிடம் இருந்த பழைய சிடி அத்தனையும் எங்கள் பெட்டியில் ஓடும். எங்கள் டிவிடி ஒன்றுகூட அவன் பெட்டியில் ஓடாது. "பழசும் இங்க ஆடலாம்டா, வாங்கடா" என்று மாமா ரோட்டைப் பார்த்துச் சொல்வார். ஒரு வாரத்தில் வரிசை ரோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்துவிட்டது. அண்ணன் ஸ்டூலைப் போட்டுக் கடை வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் என் கல்லாவில் உட்கார்ந்து அவனைப் பார்ப்பேன். அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு ருசித்தது.

இன்னொன்றும் செய்தேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சாம்பல் பெட்டிகளுக்கு ஒரு வியாதி உண்டு. இரண்டு வருடம் ஆனால் லென்ஸ் தளர்ந்து சிடியைப் படிக்காது. பையன்கள் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஓட்டுவார்கள். அண்ணன் பழசாக வாங்கிய நாலு பெட்டியும் கவிழ்ந்து கிடந்தன. ஊரில் இதைத் திறக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒருநாள் மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, நாலையும் ஒரு தக்காளி டிரேயில் வைத்துத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தான்.

"பாப்பா, கொஞ்சம் பாத்துக் குடேன்."

திறந்தேன். லென்ஸுக்குப் பக்கத்தில் கடுகு அளவில் ஒரு ஸ்குரூ இருக்கும். அதைக் கால் சுற்று திருப்பினால் போதும், இன்னும் ஒரு வருடம் ஓடும். நான் மூடியைத் திரும்ப மாட்டினேன்.

"நாலும் போச்சுண்ணா. தூக்கிப் போட்ரு."

அவன் நம்பினான். அந்த மாதமே கடையை மூடினான். கடை மூடியதும் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அண்ணன் தக்காளி லோடு வண்டி ஓட்டப் போனான். மாமாவும் நானும் அன்று பிரியாணி வாங்கிச் சாப்பிட்டோம்.

எங்கள் கடையும் நிலைக்கவில்லை. அடுத்து ஒயர் இல்லாத ஜாய்ஸ்டிக் வந்தது, பெட்டிக்குள்ளேயே ஆட்டத்தை ஏற்றி வைப்பது வந்தது, அதெல்லாம் வாங்கி வைத்தோம். பிறகு பையன்கள் கையில் போன் வந்தது. பெஞ்சுகள் காலியாயின. மாமா ஓசூரில் வீடு கட்டி அங்கேயே தங்கிவிட்டார். நான் கல்யாணம் ஆகித் தருமபுரியிலேயே, வீட்டு முன்னறையில் போனும் டிவி கேமும் ரிப்பேர் பார்க்கிறேன். பெரியப்பா காலமாகிப் பல வருடம் ஆகிறது. அவர் சாவுக்கு நான் போகவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. தாமதமாகக் கல்யாணம் ஆகி அவனுக்கு இப்போது பதின்மூன்று வயதில் ஒரு மகன். அந்தப் பையனின் டிவி கேமைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தான். இப்போது வரும் பெட்டி, வெள்ளையாக, தட்டையாக இருக்கும். கேசட்டும் கிடையாது, சிடியும் கிடையாது. எதையாவது சொருகலாம் என்றால் அதற்கு வாயே இல்லை, ஆட்டம் நெட்டில் இறங்கும். டிவிக்குப் போகும் ஒயரைப் பையன் வெடுக்கென்று இழுத்ததில், அது பெட்டியில் சேரும் முனை உடைந்திருந்தது.

நான் ஸ்குரூக்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாப்பா, அன்னிக்கி அந்த டிவிய எரிச்சது நான்தான்."

"தெரியும்."

"தெரியும்ல. நீ சித்தப்பாவ மன்னிச்சிட்டியே, அதான் என்னயும்..." என்று இழுத்தான்.

"அப்பாவ எதுக்கு மன்னிக்கணும்? அவருக்கு என்ன தெரியும்?"

அவன் முகம் மாறியது. "அன்னிக்கி சாயந்தரமே நான் சித்தப்பாகிட்ட சொல்லிட்டன் பாப்பா. உன் காலப் பாத்துட்டுப் பயந்துபோய் அழுதுட்டுச் சொன்னன். உனக்குத் தெரியாதா?"

ஸ்குரூடிரைவர் என் கையிலேயே நின்றது. "அதுக்கு அப்பா என்ன சொன்னாரு?"

"'உங்கப்பங்கிட்ட இதச் சொல்லாத. எம் பொண்ணுக்காக உன்ன மாட்டிவுட்டன்னு நெனப்பாரு, மோட்டார நிறுத்திருவாரு. தக்காளி காய்க்கிற நேரம். அடிச்சது அடிச்சதாவே கெடக்கட்டும்'னாரு."

நான் பெட்டியைச் சரிசெய்தேன். உடைந்த முனைக்கு ஈயம் வைத்தேன். மூடி அவனிடம் நீட்டும்போது சொன்னேன். "அண்ணா, அன்னிக்கி நீ கொண்டாந்த நாலு பெட்டியும் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு ஸ்குரூவத் திருப்பியிருந்தா ஓடியிருக்கும்."

"நாலுமேவா?" என்றான்.

"நாலுமே."

டீ வைத்திருந்தேன், குடிக்கவில்லை. துண்டில் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான். அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்தேன். ஒரு பதினான்கு வயதுப் பையன் சொன்ன பொய்க்கு அவனுடைய வாழ்க்கையை நான் பறித்திருக்கிறேன். பொய்யை அன்று சாயந்தரமே அவன் திருப்பி எடுத்துக்கொண்டான் என்று தெரிந்திருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ. முப்பது வருடம் தப்பான ஆளைக் குழியில் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடையைச் சாத்திவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து ஆகிறது. அம்மா சமையலறையில் எனக்காகத் தேங்காய் அரைக்க மிக்சியை ஓடவிட்டார்.

"அண்ணன் சொன்னது நெசமாப்பா? உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

அவருக்கு எதைக் கேட்கிறேன் என்று உடனே புரிந்தது. அதுதான் எனக்கு வலித்தது. ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அந்த வருசம் செடி பூரா பூவு. ரெண்டு நாளு தண்ணி நின்னா எல்லாம் போயிருக்கும். உன்னப் படிக்க வெச்சதே அந்தத் தக்காளிதான் கண்ணு" என்றார். "நீ சின்னப்புள்ள, மறந்திருவன்னு நெனச்சன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தத் தக்காளியில்தான் நான் எட்டாவது சேர்ந்தேன். அதற்காக அவரை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அடியைக்கூட விட்டுவிடுவேன். ரோட்டில் தட்டுகளை இறக்கி வைத்த அந்த முகத்தை எப்படி விடுவது?

மாமாவுக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்து அப்பாவின் வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

"மாமா, அப்பா பேசறாரு."

அப்பா என் முகத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "மச்சான், சாப்பிட்டியா?" என்றார்.

"அது இல்லப்பா" என்றேன்.

"மச்சான், அன்னிக்கி டிவி எரிஞ்சது பாப்பாவால இல்ல. அண்ணன் பையன் எங்கிட்ட சொல்லிட்டான். எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சிதான் உன்ன..." குரல் மிக்சிச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

"மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்பா. சத்தமாச் சொல்லுங்க" என்றேன்.

அப்பா மூச்சை இழுத்துக் கத்தினார். "எனக்கு அன்னிக்கே தெரியும் மச்சான்! தெரிஞ்சிதான் உன்ன வாசல்லயே நிறுத்துனன்!"

அம்மா மிக்சியை நிறுத்தினார்.

மாமாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.